கஸ்தூரியின் ஆயிரத்து நூற்றுப் பதினைந்து

"ஒரு மொடக்கு தண்ணி குடிம்மா, அப்பறம் செயினு போட்டுப் பாக்கலாம்" என்று சொம்பை நீட்டுகிறார் கஸ்தூரி. வில்லியனூர் கடைத்தெருவில் கவரிங் நகை வாங்க வருகிற பெண்கள் இதை உபசாரம் என்றுதான் நினைக்கிறார்கள். தண்ணீர் இறங்கும்போது குரல்வளைக்குக் கீழே ஏதாவது உருண்டு ஏறி இறங்குகிறதா என்று அவர் கண் பார்ப்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? சந்தேகம் வந்தால் போச்சு. நெக்லஸ் விற்கிறதோ இல்லையோ, "தைராய்டு பாத்துக்கினியா?" என்று கேட்டுவிடுவார். பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

ஐம்பத்திரண்டு வயது. ஆறு வருடமாக விடிந்ததும் தைராய்டு மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு ஓடியாடி வேலை செய்கிறார், உடம்பில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் ஒரு எண்ணில் இருக்கிறது. முதல்முறை ரத்தம் கொடுத்தபோது ஆன்டிபாடி என்ற வரிக்கு நேரே அறுநூற்று நாற்பது என்று வந்தது. முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டுமாம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "ஒங்க ஒடம்பே ஒங்க தைராய்ட வேத்தாள்னு நெனச்சி அடிக்குதும்மா. மாத்திர ஒழுங்கா போட்டா போதும். இந்த நம்பர திரும்பத் திரும்பப் பாக்க வேணாம்."

வேணாம் என்றால் விட்டுவிடுகிற ஆளா? சொந்த உடம்பே தன்னை அடிக்கிறது என்ற பேச்சு அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, "சரக்குப் பாத்துட்டு வரன்" என்று கணவர் பலராமனிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார். மூலக்குளத்தில் ஒரு லேப், பாகூரில் ஒரு லேப் என்று மாற்றி மாற்றி ரத்தம் கொடுப்பார். சர்க்கரைக்காரர்கள் டெஸ்ட்டுக்கு முன்னால் வாயைக் கட்டுவதைப் பார்த்தவர் இல்லையா? இவரும் ஒரு வாரத்துக்கு, தைராய்டுக்கு ஆகாது என்று, முட்டைக்கோஸையும் வேர்க்கடலையையும் தொடமாட்டார். எண் மசியவே இல்லை. கடைசியாக வந்தது ஆயிரத்து நூற்றுப் பதினைந்து. அந்தத் தாளை நகைப்பெட்டியின் வெல்வெட்டுத் துணிக்கு அடியில் செருகி வைத்திருக்கிறார். தெரிந்தால் பலராமன், "மாத்திர போட்றல்ல, வுடு" என்பார். விட முடிந்தால் அவர் ஏன் இப்படி அலைகிறார்?

இப்போதைய பயம் தன்னைப் பற்றியது அல்ல. மகள் வெண்ணிலாவைச் செல்லிப்பட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறார். போன வருடம் ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. இப்போது மறுபடியும் இரண்டு மாதம். இந்தத் தடவை டாக்டரம்மா தைராய்டோடு ஆன்டிபாடியும் எழுதிக்கொடுத்து, "ரிப்போர்ட் வந்த அன்னிக்கே காட்டணும், தள்ளிப் போடக் கூடாது" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து கஸ்தூரிக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்துக் கடை தனக்கொடியிடம் மட்டும் வாய்விட்டார். "என் மூக்கு வந்திருக்குது, என் நெறம் வந்திருக்குது. இது மட்டும் வராமப் பூடுமா? நாந்தான் குடுத்துட்டன் தனம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெண்ணிலா கடை ஸ்டூலில் உட்கார்ந்து கம்மல்களை அட்டையில் குத்திக்கொண்டிருந்தாள். கஸ்தூரி சாமி படத்துக்கு விளக்கேற்றி நிமிர்ந்தார், செல்போன் சிணுங்கியது. லேபில் கொடுத்திருந்தது அவருடைய நம்பர். மகளின் ரிப்போர்ட்டில் மேல் வரிகளெல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆன்டிபாடி என்ற கடைசி வரியில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

"இன்னாமா வந்திருக்குது?"

நார்மல் என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் வாய் போனது. பாவம், பிள்ளை இன்றைக்கு ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் போன தடவையும் நாளைக்குப் பார்க்கலாம் என்றுதானே எல்லோரும் இருந்தார்கள்?

"எனக்கு இருக்கறதுதாண்டி ஒனக்கும்" என்றார். "செருப்ப மாட்டு. டாக்டரம்மா ஏழர வரிக்கும் இருப்பாங்க."

"கடை?"

விளக்கு வைத்த நேரத்தில், அதுவும் வெள்ளிக்கிழமையில், இந்தத் தெருவில் யாரும் கடையைச் சாத்தமாட்டார்கள். வீடு தேடி வருகிற லட்சுமியைத் திருப்பி அனுப்பின மாதிரி ஆகிவிடும். படியில் வேறு இரண்டு பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. மகளைக் கையைப் பிடித்து வெளியே இறக்கிவிட்டு, உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருக்க, இரண்டு கையாலும் ஷட்டரைப் பிடித்துத் தரைவரைக்கும் இழுத்தார்.