தோள்பட்டைகளுக்கு நடுவே

அன்று லகாட் வில்வித்தைத் திடலில் இருந்தவர்கள் மூன்றே பேர்: வில் வாடகைக்கு விடும் சீனர், பெயர் கேட்க மறந்துபோன ஒரு தமிழ்ப் பெண், நான்.

மகள் சிங்கப்பூர் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை என்றுதான் அங்கே போனேன். சிறுவயதிலேயே பள்ளியை விட்டு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவள் நான். எந்த வேலையும் கையால்தான் என்று பழக்கம். வில்லையும் அப்படியே இழுத்தேன். கை நடுங்கியது, தோள் காதுவரை ஏறியது, அம்புகள் புல்லில் விழுந்தன. சிரிப்பார்களோ என்ற பயத்தில், இனி வருவதில்லை என்று வில்லைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"அக்கா, கையால இழுத்தா நாளைக்குச் சட்டி தூக்க முடியாது லா," என்றார் அந்தப் பெண். "முதுகுல தொடலாமா?"

தலையாட்டினேன். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே விரலை வைத்தார்.

"தோள இறக்குங்க. ரெண்டு எலும்பும் சேர்ந்து என் விரல நசுக்கணும். கை சும்மா கொக்கி மாதிரி இருக்கட்டும்."

நசுக்கினேன். நாண் நடுங்காமல் வந்தது. அம்பு இலக்குப் பலகையில் குத்தி நின்றது. அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். என் முதுகை ஒருவர் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

என்னிடம் சில்லறை இல்லாததால் வாடகைப் பணம் பத்து வெள்ளியையும் அவரே கட்டினார். "அடுத்த வாரம் தாங்கக்கா," என்று போனவரை மறுபடி பார்க்கவில்லை.

ஞாயிறுதோறும் போகிறேன். அந்த இடத்தில் விரல் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் இழுக்கிறேன். அவர் வந்து, நான் பணத்தைக் கொடுத்ததும் பேச்சு முடிந்துவிடுமோ என்று இப்போதே கவலை. தர வேண்டியது பத்து வெள்ளி.