பந்தியில் இருத்தினால் பாட்டு

ஒரு கையில் கால் உதறும் நண்டு, மற்றக் கையில் தொலைபேசி. "அதெல்லாம் சரி அண்ணை, எங்களை எங்கை இருத்துவியள்?" என்று லவீனா கேட்கிறார். மறுமுனையில் கலியாணப் பாட்டுக்கு ஆள் தேடுபவர், அவர் மேடையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, மேடை பெரிது, காற்றாடி உண்டு, கரண்ட் போனால் ஜெனரேற்றர் உண்டு என்று அடுக்கிக்கொண்டு போகிறார். லவீனா முழுவதையும் பொறுமையாகக் கேட்டு முடிக்கிறார். "மேடையிலை நாங்கள் நிண்டுதான் பாடுவம். சாப்பிடேக்கை எங்கை இருத்துவியள்?" என்கிறார். வீட்டில் கேட்டுவிட்டுத் திரும்ப எடுக்கிறேன் என்கிறார் அந்த மனிதர். பெரும்பாலும் திரும்ப எடுப்பதில்லை.

மீனவர் ஊரான குருநகரின் இறங்குதுறைக்குப் பக்கத்தில் நண்டு வாங்கும் கொட்டகை ஒன்றில் லவீனா தராசில் எடை பார்க்கிறார். அது காலை வேலை. கலியாண நாட்களில் அவர் 'கடலரசி' இசைக்குழுவின் பாடகி. பாடகி மட்டுமல்ல, ஸ்பீக்கர் பெட்டிக்கு மறுபக்கம் பிடிப்பவரும், மண்டபக்காரரோடு மல்லுக்கு நிற்பவரும் அவரேதான். கணவர் பிரகாஸ் ஓகன் என்கிற கீபோட் வாசிப்பார். அவர் அதிகம் வாய் திறக்காத மனிதர். தாளத்துக்குச் சோனகத்தெரு நஜீம். தொண்ணூறில் ஊர் முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்துக் குடும்பத்தோடு துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்தவர், பைலா என்னும் துள்ளல் ஆட்டப்பாட்டின் தாளத்தை அங்கேயே கைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். மூன்று பேர்தான் குழு. சத்தத்துக்கு முப்பது பேர் என்று சொல்லலாம்.

லவீனா பட்டுச்சேலைக்குக் கீழே வெள்ளைக் கன்வஸ் சப்பாத்துப் போடுவார். மேடையில் வயர்கள் கிடக்கும், செருப்போடு ஆடினால் பல் போய்விடும் என்பது அவருடைய விளக்கம். மைக்கைத் தொடுமுன் சிலுவை அடையாளம் போடுவார். பாட்டு பியர்ப் போத்தலைப் பற்றியது என்றாலும் சிலுவை நிச்சயம் உண்டு. தவக்காலத்தில் யார் காலில் விழுந்தாலும் பாடமாட்டார். குளிர்த் தண்ணீர் குடிக்கமாட்டார். மரக்கறிச் சாப்பாடு அவருக்குத் தொண்டையால் இறங்காது. கலியாண வீட்டில் மரக்கறிதானே, அதற்காகவா இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டால், "எனக்குப் பிடிக்கேல்லை எண்டு நான் சொல்லவேணும். எனக்குத் தரேலாது எண்டு அவை சொல்லக்கூடாது" என்பார்.

எங்கள் கலியாண மண்டபங்களுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் மேளம், அதன் பிறகு வயலின் ரீச்சரும் அவருடைய மாணவிகளும். அதுவரைக்கும் கலாசாரம். பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டு சுற்றி வந்து, பெரியவர்கள் ஏவறை விட்டபடி வாகனம் தேடத் தொடங்கும்போது பைலா. அது கலாசாரத்தில் சேர்த்தி இல்லை. பொடியள் கேட்கிறாங்கள், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் ஆசைப்படுகுதுகள், என்ன செய்கிறது என்று வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார்கள். வயலின் ரீச்சரின் பெயர் அழைப்பிதழில் பட்டத்தோடு இருக்கும். பைலாக்காரருக்கு 'இன்னிசை' என்ற ஒரு சொல்லே பெரிது. ஆனால் கலியாண வீடியோ கனடாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ளவர்கள் எந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கிறார்கள் என்று மட்டும் லவீனாவிடம் கேட்டுவிடாதீர்கள். அவர் சிரிக்கத் தொடங்கினால் உங்களுக்கு வேறு வேலை நடக்காது.

சாப்பாட்டு நிபந்தனை மருதனார்மடத்துப் பக்கம் நடந்த ஒரு கலியாணத்தோடு வந்தது. வயலின்காரர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதற்பந்தியில் இருத்தினார்கள். 'கடலரசி'க்கு மூன்று சோற்றுப் பாசல்கள் மண்டபத்தின் பின்பக்கம், ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் வந்தன. நஜீம் ஸ்பீக்கர் பெட்டியில் குந்தியிருந்து புகையோடு சேர்த்துச் சோற்றை விழுங்கினார். லவீனாவும் சாப்பிட்டார். பிறகு பாடினார். பாசலைக் கொண்டுவந்து தந்த அதே மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து ஆடினார். அதைப் பார்த்துக்கொண்டே பாடி முடித்ததைத்தான் லவீனாவால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. "என்ரை பாட்டுக்கு ஆடத் தெரிஞ்சவருக்கு எனக்குப் பக்கத்திலை இருந்து சாப்பிட ஏலாதாமோ?" என்று அடுத்த நாள் பிரகாஸிடம் கேட்டார். அன்றிலிருந்துதான் பந்தியில் இருத்தினால் பாட்டு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்ற சட்டம்.

சட்டம் போட்டவுடன் உலகம் திருந்திவிடுமா? அழைப்புகள் மெல்ல மெல்லக் குறைந்தன. பாசலைப் பற்றிக் கவலைப்படாத வேறு குழுக்கள் முளைத்தன. போன ஆவணியும் தையும் முகூர்த்தம் நிறைந்த மாதங்கள். 'கடலரசி' உறைக்குள்ளேயே கிடந்தது. பிரகாஸ் வான் ஓட்டிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். சாப்பாடு வீட்டில் இருக்கிறது, நமக்கு மேடைதானே வேண்டும் என்று ஒன்றிரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசியில், அடுத்து வரும் அழைப்பையும் குழப்பினால் ஓகனை விற்றுவிட்டு வான் ஓட்டத்தோடு நின்றுவிடுவதாகச் சொல்லிவிட்டார். அதிகம் பேசாதவர் ஒரு விசயத்தைச் சொன்னால் அதைச் செய்துவிடுவார் என்பது லவீனாவுக்குத் தெரியும்.

அப்படியிருக்கும்போதுதான் தெல்லிப்பழையிலிருந்து சீவரத்தினம் என்பவரின் அழைப்பு வந்தது. மணமகளின் பெரியப்பா, பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். லவீனாவின் கேள்விக்கு அவர் யோசிக்கவே இல்லை. "ஓம், ஓம், இருத்தித்தான் சாப்பாடு" என்றார். லவீனா அன்றைக்குத் தராசுக்குப் பக்கத்தில் நின்றே ஒரு பாட்டை முழுதாகப் பாடி முடித்தார்.

கலியாணத்தன்று தாலிகட்டு முடிந்தது, வயலினும் ஓய்ந்தது. இரண்டாம் பந்திக்கு இலை போடும் நேரத்தில் சீவரத்தினம் வந்து மூன்று பேரையும் அழைத்துப் போனார். சாப்பாட்டு மண்டபத்தைத் தாண்டி ஒரு சின்ன அறை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்கு வெள்ளைச் சீலை விரித்து, பீங்கான் கோப்பைகளில் கறிகளைப் பரப்பி, பாயாசத்தை மூடிகூடப் போட்டு வைத்திருந்தார்கள். ஆர்ட்டிஸ்ட்மாருக்கென்று விசேஷமாகச் செய்தது, வெக்கையில்லாமல் ஆறுதலாகச் சாப்பிடலாம் என்றார் அவர். பிரகாஸின் முகம் மலர்ந்துவிட்டது. நஜீம் லவீனாவைப் பார்த்தார்.

லவீனா கதவோடு நின்றுகொண்டார். வயலின் ரீச்சர் எங்கே சாப்பிட்டவ என்று கேட்டார்.

"அவ முதற்பந்தியிலை இருந்து சாப்பிட்டிட்டா. அவ எங்கடை ஆக்கள்தானே" என்று சொல்லிவிட்டுத்தான், என்ன சொன்னோம் என்பதைச் சீவரத்தினம் உணர்ந்தார்.

சாதி என்ற சொல்லை அந்த மண்டபத்தில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. இந்தக் காலத்தில் யாரும் அதை உச்சரிப்பதில்லை. அதற்குப் பதிலாக ஏசி போட்டுத் தருகிறார்கள். லவீனாவுக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. என்றாலும் குரலை உயர்த்தவில்லை.

"ஏசி அறைக்குள்ளை வைச்சுத் தந்தாலும் உது பாசல்தான் ஐயா" என்றார்.

தேவையில்லாத கதை கதைக்க வேண்டாம் என்றார் சீவரத்தினம். நல்ல மனதோடு செய்ததைக் கொச்சைப்படுத்துவதாகக் குறைப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீர் இப்பிடிக் குழப்பினால் இந்தப் பக்கத்திலை இனி ஒருத்தரும் உங்களைக் கூப்பிடமாட்டினம், தெரியுமோ?" என்றார்.

"இவ்வளவு நாளும் கூப்பிட்டவையோ?" என்று கேட்டுவிட்டு லவீனா திரும்பி நடந்தார்.

சாப்பாட்டு மண்டபத்தில் வரிசையின் கடைசிக் கதிரை ஒன்று காலியாக இருந்தது. போய் இருந்தார். இலை போட்டுக்கொண்டு வந்தவர் பட்டுச்சேலையைப் பார்த்து இலையைப் போட்டார், வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார், பிறகு தாண்டிப் போனார். பக்கத்தில் தங்கப் பிரேம் கண்ணாடி போட்ட ஒருவரும் அவருடைய மனைவியும். அவர் சிரித்த முகத்தோடு, "பிள்ளை எவடம்?" என்று விசாரித்தார். இடத்தைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி என்பதால், நம் ஊரில் இந்தக் கேள்விக்கு எத்தனையோ மழுப்பல் பதில்கள் உண்டு. ரவுண் பக்கம், நகரத்தில்தான் என்றால் போதும், அதற்கு மேல் கேட்பவர்கள் குறைவு.

"குருநகர்" என்றார் லவீனா. "நாங்கள்தான் இண்டைக்குப் பாட்டு."

கண்ணாடிக்காரருக்கு உடனே யாருக்கோ தொலைபேசி எடுக்க வேண்டியிருந்தது. எழுந்து போனார். போனவரைத் தேடிக்கொண்டு மனைவியும் போனார். தண்ணீர்கூடப் படாத இரண்டு இலைகள் மேசையில் கிடந்தன. எதிர்வரிசையில் இருந்தவர்கள் தங்கள் இலைகளில் ஏதோ எழுதியிருப்பதுபோலக் குனிந்துகொண்டார்கள்.

லவீனாவுக்குக் கண் எரிந்தது. அழுதுவிடுவோமோ என்ற பயம் வந்தது. அழுதால் எழுந்து போகத்தான் வேண்டும், போனால் சட்டமும் போயிற்று, பாட்டும் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இரண்டு கதிரைகளையும் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நஜீம் நானா, வாங்கோ. எங்களுக்கு ரெண்டு கதிரை விட்டுத் தந்திருக்கினம்."

மைக் தேவைப்படவில்லை. மண்டபம் முழுவதும் கேட்டது. மணமகனின் தோழர்களிடமிருந்து ஒரு சிரிப்பொலி கிளம்பி அடங்கியது. நஜீம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பள்ளிவாசலுக்குப் போகிறவரைப்போல நிதானமாக நடந்து வந்து இருந்தார்.

பிரகாஸ் இன்னும் அறை வாசலிலேயே நின்றார். சீவரத்தினம் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். லவீனா கணவரைக் கூப்பிடவில்லை. தனக்கும் நஜீமுக்கும் நடுவில் இருந்த கதிரையைச் சற்று வெளியே இழுத்து வைத்ததோடு சரி. அதற்குமேல் அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. உள்ளே நெஞ்சு அடித்த அடி நஜீமின் தாளத்தை மிஞ்சியிருக்கும்.

சோற்று வாளியோடு வந்தவர் நஜீமின் இலைக்கு முன்னால் நின்று, போடுவதா விடுவதா என்று சீவரத்தினத்தின் முகத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் பிரகாஸ் தன்னுடைய முழங்கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். வரிசை நீளத்துக்கும் நடந்து வந்து, அந்தக் கதிரையில் இருந்தார்.

லவீனா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுகை உடைந்துவிடும். தண்ணீரைக் கையில் ஊற்றி அவருடைய இலையில் தெளித்தார், உள்ளங்கையால் ஓரம்வரை வழித்துவிட்டார். பிறகு வாளிக்காரரின் பக்கம் திரும்பி, சோறு விழவேண்டிய இடத்தை ஒரு விரலால் தட்டிக் காட்டினார்.