அந்தோணி அண்ணன் போடாத கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை ஃபேரர் பார்க் பக்கம் காய்கறி வாங்கப் போனபோது, எங்கள் அலுவலகத்தின் பழைய டிரைவர் மணியத்தைப் பார்த்தேன். "அந்தோணி அண்ணன் தவறிட்டாரும்மா. அடக்கமும் முடிஞ்சிருச்சு. உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார். யாரும் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அவருடன் வேலை பார்த்த உங்களில் பலருக்கும் தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளின் நடுவில் இங்கே சிங்கப்பூரில், சைனாடவுன் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் அவர் பரிசோதகர், நான் டைப்பிஸ்ட். எதிரே மலேசியாவின் ஜொகூர்க் கரையில் படகுக்காரர்கள் இரும்புக் கூடையை இழுத்து, சேற்றிலிருந்து கெராங் சிப்பிகளை வாருவார்கள். குஞ்சுகளைச் சலித்துத் திரும்பக் கடலில் விட்டால்தான் சிப்பிப் படுகை அழியாமல் இருக்கும். அப்படி விட்டதைக் கண்ணால் பார்த்தோம் என்று நாங்கள் சான்றிதழ் தர வேண்டும். அது இருந்தால்தான் வெளிநாட்டுக்காரர் சரக்கு எடுப்பார்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர் அல்ல அண்ணன். மேல் மூட்டையைத் தொடவே மாட்டார். அடி மூட்டையை உருவச் சொல்வார். நான் கொடுக்கும் காப்பியைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பார். "உன்னை நம்புறேன் சரசு, பாலைத்தான் நம்பல லா" என்பார். எனக்கு எரிச்சல் வரும். அவரைச் சந்தேகப்பட எனக்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஒரு மாதமாக, படகுகள் சரக்கு இறக்கும் ஜெட்டியிலிருந்து வரும்போதெல்லாம் மூடி போட்ட வாளி ஒன்றைக் காத்தோங்கில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். படகுக்காரர்களிடம் கைநீட்டுகிறார் என்று நானே முடிவு கட்டி, மேனேஜர் காதில் போட்டேன்.

மேனேஜர் எல்லார் முன்னாலும் வாளியைத் திறக்கச் சொன்னார். உள்ளே குஞ்சுச் சிப்பிகள், வாய் பிளந்து நாறின.

"ஜெட்டியில கொட்டினதுல எடுத்தது சார்," என்றார் அண்ணன். "படுகை மேலயே சலிச்சு விட வேண்டியதை, நாம கண்ணால பாக்கணும்னு ஜெட்டி வரைக்கும் தூக்கிட்டு வர்றாங்க. ஜெட்டி ஆத்து வாயில இருக்கு. நல்ல தண்ணில இதுங்க பொழைக்காது. நானும் முதல்ல நம்பல. திரும்பப் பொழைக்குமான்னு வீட்டுல கடல் தண்ணி ஊத்தி வெச்சுப் பாத்தேன். ஒண்ணுகூடத் தேறல."

"கொட்டினாங்களா? பாத்தீங்களா? பேப்பர்ல அவ்வளவுதான். கையெழுத்துப் போடுங்க," என்றார் மேனேஜர்.

"நான் பாக்க வர்றதாலதான் சார் சாவுது."

பேனாவை மூடி வைத்தார். முன்பு போட்ட கையெழுத்துகளும் தப்பு என்று வாங்குகிறவருக்கு எழுதச் சொன்னார். அந்த மாதத்தோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு கம்பெனிக்காரன் அவரை விலைக்கு வாங்கிவிட்டான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதைக் கிளப்பியது யார் என்று இன்றும் உங்கள் எல்லார் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

போகிற அன்று என் மேசைக்கு வந்தார். "சந்தேகப்பட்டது தப்பில்ல சரசு. வாளியை நீயே தொறந்து பாத்திருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. பிறகு அவர் வீட்டுப் பக்கம் போகவும் முகமில்லை.

அண்ணனிடமிருந்து என்னிடம் தங்கியது அவருடைய வேலை. மறுவாரமே எனக்குக் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். வாருவதற்குச் சிப்பியே இல்லை என்று படகுகள் நின்றுபோகும் வரை, "கண்ணால் கண்டேன்" என்ற வரிக்குக் கீழே நான்தான் கையெழுத்துப் போட்டேன்.