மூண்டாம் நாள் ஓதின தண்ணி

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி. நாங்கள் அப்ப யாழ்ப்பாணத்திலை குருநகரிலை இருந்தனாங்கள். மகளுக்கு ஒண்டரை வயது. பொம்பர் வந்து குண்டு போட்ட நாளிலை இருந்து, பொழுதுபட்டால் வீரிட்டு அழுவாள். பாலும் குடியாள், காய்ச்சலும் விடேல்லை. ஆஸ்பத்திரி மருந்தும் குடுத்தாச்சு, மாதாவுக்கு மெழுகுதிரியும் கொளுத்தியாச்சு.

"பிள்ளை பயந்திட்டாள். சோனகதெருப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய் ஓதுவிச்சுக்கொண்டு வா" எண்டா மாமி. சைவக்காரரோ வேதக்காரரோ, எங்கடை பக்கத்திலை பயந்த பிள்ளையை அங்கைதான் கொண்டு போறது.

பின்னேரத் தொழுகையை நடத்தி முடிச்ச லெப்பை வாசலுக்கு வந்து, செம்புத் தண்ணியிலை ஓதி, பிள்ளையின்ரை உச்சியிலையும் ஊதினார். மூண்டு நாள் ஓதவேணும் எண்டவர். இரண்டாம் நாள் இரவு பிள்ளை கொஞ்சம் நித்திரை கொண்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்தநாள், முஸ்லிம் சனம் எல்லாரையும் உடனை ஊரை விட்டுப் போகச் சொல்லியாச்சு எண்டு கதை வந்தது. சொன்னது துவக்கு வைச்சிருந்த எங்கடை இயக்கப் பெடியள்தான். எனக்கு முதல் வந்த யோசனை, ஐயோ, மூண்டாம் நாள் ஓதல் என்னாகிறது எண்டதுதான். பிள்ளையையும் செம்பையும் தூக்கிக்கொண்டு ஓடினன்.

றோட்டிலை சனம் வரிசையாய் நிக்குது. பிள்ளையள் அழுகுதுகள். ஆளுக்கொரு பைதான், அதையும் பெடியள் அவிட்டுப் பாக்கிறாங்கள். லெப்பையின்ரை பையை ஒருத்தன் நிலத்திலை கொட்டிக்கொண்டு நிண்டான். நான் செம்போடை ஓரத்திலை நிண்டன். அவர்தான் என்னைக் கண்டவர்.

"பிள்ளைக்கு எப்பிடி?"

"இரவு கொஞ்சம் நித்திரை கொண்டவள், ஐயா."

"இஞ்சை கொண்டா."

தன்ரை உடுப்புகள் காலடியிலை கிடக்க, கண்ணை மூடி, வழமை மாதிரி ஆறுதலாய் ஓதினார். துவக்கோடை நிண்டவனும் பையை விட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டான். "பிள்ளைக்கு மிடறு மிடறாய்ப் பருக்கு. இனிப் பயப்பிடமாட்டாள்" எண்டு சொல்லிப்போட்டு, குனிஞ்சு உடுப்புகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

எங்கை போகப்போறியள் எண்டு நான் கேக்கேல்லை. குனிஞ்சு ஒரு சாரத்தைக்கூட எடுத்துக் குடுக்கேல்லை. தண்ணியை மட்டும் சிந்தாமல் வீட்டை கொண்டுவந்து சேத்தன்.

மகளுக்குச் சுகம் வந்திட்டுது. அந்தத் தெரு வீடுகளின்ரை கதவு, நிலையளையும் பிறகு கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள். அந்தச் சனத்தைப் பற்றி எங்கடை ஆக்கள் கதைக்கிறதும் குறைஞ்சு போச்சு. ஆனால் அயலிலை ஒரு பிள்ளை வீரிட்டு அழுதால் போதும், "பள்ளிவாசலுக்குக் கொண்டு..." எண்டு ஆரோ ஒராள் தொடங்கி, பாதியிலை நிப்பாட்டிப்போடும். எங்கடை பிள்ளை அழேக்கைதான் எங்களுக்கு அவையின்ரை நினைப்பு வருது. அண்டைக்கு அந்த வரிசையிலை அழுத பிள்ளையள் ஒண்டையும் நாங்கள் ஆரும் தூக்கேல்லை.