கதிர் வருமுன் வெட்டிய புல்

நான் மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த செய்தி ஹவுன்ஸ்லோவில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் ஒரே வாரத்தில் போய்விட்டது. லண்டனுக்கு வந்தும் சாணிதான் அள்ளுகிறாள் என்று ஒருத்தி சொன்னாளாம். இன்னொருத்தி என் கணவரிடமே, வீட்டில் ஏதும் கஷ்டமோ என்று கேட்டிருக்கிறாள். அவர் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் வேலையில் இருந்தார். அன்று ஷிப்ட் முடிந்து வந்து இதைச் சொன்னபோது முகம் வாடியிருந்தது.

"இனி ஆரும் கேட்டால், ஓம், சாணிதான் அள்ளுறா எண்டு சொல்லுங்கோ" என்றேன். "எனக்குத் தெரிஞ்ச வேலை அது. வெக்கப்பட ஒண்டுமில்லை."

தெரிந்த வேலைதான். ஊரில் விவசாயப் பள்ளியில் படித்து, கால்நடைத் திணைக்களத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தவள் நான். சைக்கிளில் போய் இறங்கி, பால் குறைந்த மாட்டின் விலா எலும்பைத் தடவிப் பார்த்தே அதற்குத் தீனில் என்ன குறை என்று சொல்லிவிடுவேன். எண்பத்து நாலில் இங்கே வந்தபோது அந்தச் சான்றிதழை யாரும் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வருடம் சலவை ஆலையில் விமானக் கம்பளிகளை மடித்தேன். பிறகு, விமான நிலையத்துக்கு அப்பால் லண்டனின் மேற்கு ஓரத்தில் ஒரு பண்ணையில் பால் கறக்க ஆள் தேவை என்று ஓர் அட்டையில் எழுதியிருந்ததைக் கண்டேன். பஸ்ஸால் இறங்கி அரை மணி நேரம் நடக்க வேண்டும். நடந்து போய்க் கேட்டேன்.

பண்ணைக்குச் சொந்தக்காரி ஒரு விதவை. ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். அறுபது கறவை மாடுகள், கன்றுகள் தனி. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு மனேஜர். அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். வயலைப் பற்றிப் பேச வேறு யாருக்கும் தகுதியில்லை என்பது போல நடந்துகொள்வார். நான் மெஷின் பூட்டிப் பால் கறப்பதை மூன்று நாள் பக்கத்தில் நின்று பார்த்தார். நாலாம் நாள் வரவில்லை. அதை ஒரு நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

குளிர்காலத்தில் அங்கே புல் வளராது. மாடுகள் மாதக்கணக்கில் கொட்டிலுக்குள்ளேயே நிற்கும். அதற்காகக் கோடையின் தொடக்கத்திலேயே பச்சைப் புல்லை வெட்டி, சுவர் எழுப்பிய ஒரு பெரிய தொட்டியில் குவித்து, காற்று வெளியேறும்படி டிராக்டரால் மிதித்து, மூடிப் புளிக்க வைப்பார்கள். சைலேஜ் என்பது இதுதான். தொட்டி நிலத்துக்கு மேலே இருந்தாலும் குழி என்றே நான் வீட்டில் சொல்வேன். சரியாகச் செய்தால் அந்தப் புல் மாதக்கணக்கில் கெடாது. பிழைவிட்டால் அழுகிப்போகும்.

நான் போன முதல் குளிர்காலத்தில் குழியில் இருந்தது பிழையாய்ப்போன சைலேஜ். காறின நெய் போல மணத்தது. தண்டுகள் கூட்டுகிற தும்புத்தடியின் குச்சி மாதிரி இருந்தன. மாடுகள் மூக்கால் தள்ளிவிட்டு நின்றன. அந்தக் குறையை ஈடுசெய்ய மூட்டை மூட்டையாகக் கடைத்தீன் வந்து இறங்கியது. கன்றுகளுக்கும் அதே கம்பனியின் தீன்தான். கன்றுகளுக்கு வாளியில் வைப்பது என் வேலை. அவை என் விரலையும் சேர்த்துச் சூப்பிக்கொண்டு அதைத் தின்னும்.

அந்தத் தீனின் மணம் எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் மூட்டை இறக்க வந்த லொறிக்காரரிடம் இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தானியம், சோயா, மீன் தூள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசியில் இறைச்சி எலும்பு மா என்றார். இறைச்சிக்கூடத்தில் மிஞ்சுவதை அவித்துக் காயவைத்து அரைப்பதாம். அதில் மாடும் இருக்குமா என்று கேட்டேன். இருக்கும்தானே என்றார், மழை பெய்யுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

நான் மனேஜரிடம் போனேன். புரதம் புரதம்தான், நாட்டிலுள்ள எல்லாரும் கொடுக்கிறார்கள் என்றார் அவர். நான் இந்து என்பதால் மனம் நோகிறேன் என்று நினைத்து, அதற்காக வருத்தமும் தெரிவித்தார். மனம் நொந்தது உண்மைதான். ஆனால் முதலில் கோபப்பட்டது என் படிப்பு. புல்லைத் தின்று அசைபோட்டுப் பாலாக்குவதற்கென்றே வயிறு அமைந்த ஒரு மிருகத்துக்கு இன்னொரு மாட்டை அரைத்துக் கொடுப்பதற்கு எந்தப் பாடத்தில் நியாயம் இருக்கிறது?

உங்களுக்கு வேண்டிய புரதம் உங்கள் வயலிலேயே நிற்கிறது, நீங்கள் அதைக் கிழவியாக்கி வெட்டுகிறீர்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒவ்வொரு வருடமும் ஜூன் நடுப்பகுதியில்தான் வெட்டுவார். புல் உயர்ந்து கதிர் விட்டிருக்கும், குழி நிறையும். ஆனால் கதிர் வந்ததும் இலையில் இருந்த சத்து இறங்கிவிடும், தண்டு முற்றிவிடும். குழி நிறைய வைக்கோல் இருந்து என்ன பயன்? கதிர் தண்டுக்குள் இருக்கும்போதே வெட்ட வேண்டும். குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் கிடைப்பது தீன்.

உங்கள் ஊரில் புல் இருக்கிறதா என்று கேட்டார். கேலியாகவா உண்மையாகவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"குறைவுதான்" என்றேன். "அதனால்தான் எங்களுக்கு அதன் பெறுமதி தெரியும்."

அன்று மாலையே சொந்தக்காரியின் சமையலறைக் கதவைத் தட்டினேன். சப்பாத்தெல்லாம் சேறு, உள்ளே போகாமல் வாசலில் நின்றே பேசினேன். ஒரு வயல் தாருங்கள், சரிவராவிட்டால் வேலையை விட்டுப் போகிறேன் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பிறகு, விமான ஓடுபாதைப் பக்கமிருந்த ஆறு ஏக்கரை எடுத்துக்கொள் என்றார். அதற்கு உரம் போட்டு வருடக்கணக்காயிற்று. அதனாலேயே புல்லுக்கு இடையில் குளோவர் தானாகப் பரவியிருந்தது. பயறு, உளுந்து போல அதுவும் காற்றிலிருந்தே தனக்குச் சத்து எடுக்கும் செடி, இலையெல்லாம் புரதம். அந்த வயலை மனேஜர் கழித்துவிட்டிருந்தார். எனக்கு அதைவிட நல்ல வயல் அந்தப் பண்ணையில் இருக்கவில்லை.

ஏப்ரல் முடிந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் கறவை முடிந்ததும் போய், புல்லின் தண்டை நகத்தால் பிளந்து பார்த்தேன். உள்ளே கதிர் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று தெரியும். மே நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாளையே வெட்ட வேண்டும் என்று கண்டேன். வழமையாக வந்து வெட்டித் தரும் கொந்தராத்துக்காரர் ஆறு ஏக்கருக்காக மெஷினைக் கொண்டுவர மாட்டேன் என்றார். ஜூனில் வருகிறாராம். மனேஜரும் ஜூனில் உதவுகிறேன் என்றார்.

கொட்டிலின் பின்னால் பழைய வெட்டுமெஷினும், புல்லை நறுக்கி டிரெய்லருக்குள் வீசும் மெஷின் ஒன்றும் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றை ஓட்ட ஆள் இல்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு யோசித்தார். சாணி என்றதற்கு முகம் வாடிய மனுஷன்.

"எங்கட ஷிப்டில கிளிநொச்சிப் பெடியன் ஒருத்தன் நிக்கிறான். ஊரில டிராக்டர் மிசின் ஓடினவன்" என்றார். "நாளைக்கு எத்தனை மணிக்கு எண்டு சொல்லும். நாங்கள் வாறம்."

அந்தக் கிளிநொச்சிக்காரருக்கு முப்பது வயது. லண்டனுக்கு வந்த பிறகு டிராக்டரில் கை வைத்ததே இல்லை. புதன் காலை வந்து, மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்து, கிரீஸ் கேட்டார். அவ்வளவுதான். மத்தியானத்துக்குப் பிறகு, பனி முற்றாகக் காய்ந்து இலையில் இனிப்பு ஏறியிருக்கும் நேரத்தில் வெட்டினார். வெட்டிய புல்லை ஒரு நாள் வெயிலில் வாடவிட்டேன். ஈரம் கூடினால் புளிக்காமல் அழுகும், காய்ந்துவிட்டால் அமுங்காது. வியாழன் பின்னேரம் ஒரு பிடி அள்ளிப் பந்தாக நெரித்துப் பார்த்தேன். சாறு சொட்டவில்லை; கையை விரித்ததும் பந்து மெல்லப் பிரிந்தது. அதுதான் பதம். இரவு மழை வரும் என்று ரேடியோ சொன்னது.

கிளிநொச்சிக்காரர் நறுக்கி ஏற்றினார். என் கணவரும் இன்னும் இரண்டு பேரும், விமான நிலையச் சீருடைக் காற்சட்டையோடேயே, முள்ளுக் கரண்டி போன்ற பெரிய கவர்த்தடிகளால் புல்லை வெறுமையாய்க் கிடந்த ஒரு சின்னக் குழிக்குள் பரப்பினார்கள். ஒருவர், நன்றாகப் புளிப்பதற்காக, தண்ணீர் கலந்த கரும்புப் பாகைப் பூவாளியால் அடுக்கடுக்காகத் தெளித்தார். நான் மற்ற டிராக்டரில் ஏறி முன்னும் பின்னுமாக மிதித்தேன். ஓர் இடம் விடக்கூடாது. உள்ளே காற்று நின்றால் அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

பாதிக் குழி நிறைந்தபோது மனேஜர் வந்தார். தெரியாத ஆட்கள், பழைய மெஷின், ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். கேட்டது நியாயம். ஆனால் அவர் என்னிடம் கேட்காமல் என் கணவரிடம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து டிராக்டரை நிறுத்தி இறங்கச் சொன்னார்.

நான் நிறுத்தினேன். மேகம் அப்போதே கறுத்திருந்தது. ஒரு விமானம் தலைக்கு மேலே போய் முடியும்வரை காத்திருந்தேன், என் ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அவருக்குத் தவறக்கூடாது என்று.

"இந்தக் குழியை மூடின பிறகுதான் நான் இறங்குவேன். அதற்குப் பிறகு என்னை வேலையால் நிறுத்துங்கள்."

திரும்பவும் டிராக்டரை எடுத்தேன். சொந்தக்காரி வீட்டு வாசலுக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். மனேஜர் அவரிடம் போனார், ஏதோ பேசினார்கள். கடைசி டிரெய்லர் கொட்டி, கறுத்தப் பொலித்தீன் விரிப்பை இழுக்கும்போது காற்று எழும்பிவிட்டது. விரிப்பு பாய்மரம் போல எங்களைத் தூக்கியது. ஒரு மூலை பறந்துகொண்டிருந்தது. அதை ஒரு கை பிடித்து அமுக்கியது. பார்த்தால் மனேஜர். எங்களோடு சேர்ந்து பழைய டயர்களைத் தூக்கி விரிப்பின் மேல் அடுக்கினார். கடைசி டயர் வைத்தபோது எல்லாரும் நனைந்திருந்தோம்.

நவம்பரில் குழியைத் திறந்தேன். ஒலிவ் பச்சை நிறம். புளித்த மாங்காய்க்கும் புகையிலைக்கும் நடுவில் ஒரு வாசம். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய மாதிரியின் முடிவு வந்தபோது, மனேஜரின் ஜூன் குழியைவிட என் குழியில் புரதம் மிக அதிகம் என்று எழுதியிருந்தது. ஆனால் காகிதம் வருமுன்பே மாடுகள் தீர்ப்புச் சொல்லிவிட்டன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் என்னுடையதை நக்கித் துடைத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்த்தன. கடைத்தீனைக் குறைத்தேன். பால் குறையவில்லை. அதிர்ஷ்டம், இந்த வருடம் நல்ல மே மாதம் என்றார் மனேஜர். அடுத்த வருடம் எல்லா வயலிலும் கதிருக்கு முன்பே வெட்டினோம். அந்த மே மாதம் மோசமான மாதம். அப்போதும் குழி நன்றாகவே வந்தது. அதற்குப் பிறகு அவர் அதிர்ஷ்டம் என்ற சொல்லை எடுக்கவில்லை. கடைத்தீன் லொறி வருவதும் நின்றது.

அதற்குச் சில மாதங்களின் பின்தான், மாடுகளுக்கு மூளையில் புது வியாதி என்று பத்திரிகைகளில் வரத் தொடங்கியது. பிறகு அதற்குக் காரணம் என்று அந்த இறைச்சி எலும்பு மாவை மாட்டுக்குக் கொடுப்பதை அரசாங்கமே தடைசெய்தது. நான் சொன்னேனே என்று யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. சொல்ல நினைத்தது உண்மை.

சொல்லாததும் நல்லதாயிற்று. தொண்ணூற்று ஒன்றில் எங்கள் கொட்டிலில் ஒரு பசு வாசலைத் தாண்டப் பயந்து நின்றது. இரண்டு நாளில் பின்கால் தள்ளாடியது, தொட்டால் உடம்பெல்லாம் துடித்தது. காதிலிருந்த இலக்கத்தைப் பார்த்தேன். நான் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் என் விரலைச் சூப்பிய கன்றுகளில் ஒன்று. அந்த மாவை என் கையால்தான் அதற்கு வைத்தேன். வியாதி வரும் என்று அறியாமல் வைத்தேன் என்று எத்தனை தரம் சொன்னாலும் வைத்த கை என்னுடையது.

அரசாங்கத்திலிருந்து ஒரு மிருக வைத்தியர் படிவத்தோடு வந்தார். இளம் வயது, களைத்துப் போயிருந்தார். அன்றைக்கு அது அவருக்கு மூன்றாவது பண்ணையாம். கடைத்தீன் கொடுத்தீர்களா என்று கேட்டார், ஆம் என்ற கட்டத்தில் அடையாளமிட்டார். மாட்டை ஏற்றிக்கொண்டு போக வண்டி வந்தது. அவரும் காரில் ஏறப்போனார். நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எந்தக் குளிர்காலம் கொடுத்தோம், எந்த மாதத்தோடு நிறுத்தினோம், அதற்குப் பிறகு என்ன தீன், அதை எப்படிச் செய்தோம் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள் என்றேன். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்றேன். இது தேவையில்லை என்று பொறுமையாகத்தான் சொன்னார். தேவை என்றேன். இந்த மாடு ஏன் சாகிறது என்பதும், மற்ற மாடுகள் எதைத் தின்று நிற்கின்றன என்பதும் எங்காவது ஒரு காகிதத்தில் இருக்க வேண்டும். ஒரு "ஆம்" அதைச் சொல்லாது.

மனேஜர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். என்னை விலகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இவர் சொல்வதை எழுதுங்கள்" என்றார் வைத்தியரிடம். "தீன் விஷயம் இங்கே இவருடையது."

இளைஞர் காரின் மேல் படிவத்தைத் திருப்பி வைத்துப் பேனாவைத் திறந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஓர் இடத்தில் குளோவர் விடுபட்டிருந்தது. அதையும் சேர்க்கச் சொன்னேன்.