ஊத்துக்காரி பூவாத்தாள்

எழுபத்து நாலாம் வருஷக் கோடையில் சித்தூர்ப்புழை பெயருக்குத்தான் ஆறு. பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே கரையோரம் இருந்தவர்கள் மணலில் நடந்தே அக்கரைக்குப் போய் வந்தார்கள். மேலே அணைகள் வந்தன, கரையில் மோட்டார்கள் வந்தன, மணல் லாரிகள் வந்தன. தண்ணீர் மட்டும் வரவில்லை. ஊரே வயிறெரிந்தது. பூவாத்தாள் ஒருத்திக்கு மட்டும் எரியவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி இல்லை. வீடும் ஊரைவிட்டுத் தள்ளி ஆற்றங்கரையில் கடைசி வீடு. ஆறு ஓடிய காலத்தில் அவரவர் துறையில் அவரவர் மொண்டுகொண்டு போனார்கள். அவளோடு ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. சில நாள் சாயங்காலம் ஆட்டுக்குட்டியை அதட்டும்போதுதான் தன் குரலையே அன்றைக்கு முதல் தடவையாகக் கேட்பாள். ஆறு வற்றியபின் மணலில் ஓர் ஊற்றுத் தோண்டினாள். கோடையில் முதலில் ஊற்றுத் தோண்டியவருக்கே அது மழை வரும்வரை சொந்தம் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். யார் வேண்டுமானாலும் மொண்டுகொள்ளலாம், ஆனால் கேட்காமல் அதில் மண்வெட்டி வைக்கக் கூடாது. ஊர்க் கிணறுகள் வற்ற வற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குடத்தோடு வந்தார்கள். பூவாத்தாள் ஊத்துக்காரி ஆகிவிட்டாள்.

ஊற்று மெதுவாகத்தான் சுரந்தது. ஒரு குடம் நிறைந்தால் அடுத்த குடத்துக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற பெண்கள் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? வேலந்தாவளம் சந்தையில் கிழட்டு மாட்டை வாங்கி ஏமாந்த கதை, மாமியார் கதை, பொள்ளாச்சி பஸ்ஸில் நடந்த சண்டை என்று பொழுது போகும். பூவாத்தாள் நடுவில் உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு ஊற்றுவாள். இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனால் தண்ணீர் குபுகுபுவென்று வரும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தோண்டவில்லை. "ஆழமாப் போனா மணல் சரிஞ்சு ஊத்து அடைஞ்சு போயிரும்" என்று கூசாமல் சொல்லிவிடுவாள். அவளைத் திட்டுவதற்கு முன்னால் அந்த ஆட்டுக்குட்டியை ஒரு தடவை நினைத்துக்கொள்வது நியாயம்.

மாசி கடைசியில் பாலக்காட்டிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். ஆறு ஏன் வற்றியது, அதை எப்படி மீட்கலாம் என்று பார்த்துப் படிப்பதற்காக ஆற்றோடு நடந்து போகும் சுற்றுலா அது. கூட்டி வந்த பூகோள ஆசிரியர் யக்ஞநாராயணன் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். மணலில் நின்றபடி மாணவர்களுக்கு மலையாளத்தில் விளக்கினார். மணலை அள்ளாமல் விட்டால், கரையில் நாணலும் மூங்கிலும் வைத்தால், மழைநாளில் மண்மூட்டை அடுக்கித் தடுத்தால், தண்ணீர் மணலுக்குள்ளேயே தங்கும் என்றார். பிறகு ஊற்றைச் சுற்றியிருந்த பெண்களைப் பார்த்தார்.

"ஒரு கொடம் ஜலத்துக்கு இத்தனை நாழி உக்காந்திருக்கேளே, பாவம்!"

முந்தின நாள்வரை வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்த மயிலாத்தாள், பாவம் என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைத் தொங்கப்போட்டாள். "ஆமாங்க சாமி, இடுப்பு ஒடிஞ்சு போவுதுங்க." பூவாத்தாளுக்குச் சுருக்கென்றது.

வேர்த்து வழிய நின்றிருந்த பாஸ்கரன் என்ற மாணவன் அவளிடம் வந்து மரியாதையாகக் கேட்டான்.

"அம்மே, ஞங்ஙள் இவிடெ ஒந்நு குழிச்சோட்டே?"

தோண்டட்டுமா என்று கேட்கிறான். ஆனால் அந்தப் பக்கத்துத் தமிழர் வாயில் ழகரமும் ளகரமும் ஒன்றுதான், காதிலும் அப்படித்தான். வெயிலில் நடந்து வந்த பிள்ளை குளிக்கட்டுமா என்று கேட்பதாக அவளுக்குப் பட்டது. மனசு இளகிவிட்டது.

"நல்லாக் குளிங்க கண்ணு! இதையெல்லாம் கேக்கோணுமா?"

சொன்னதோடு நிற்காமல், பிள்ளைகள் மேலுக்கு ஊற்ற அண்டாவும் தலைக்குச் சீயக்காயும் எடுத்துவர வீட்டுக்குப் போனாள். சீயக்காயை இடித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது பாஸ்கரன் மார்பளவுக் குழிக்குள் நின்றிருந்தான். தண்ணீர் அவன் முழங்காலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. பெண்கள் குலவை போடாத குறை.

"ஆரைக் கேட்டுத் தோண்டுனீங்க?" என்றாள்.

ஆசிரியர் திகைத்தார். "உங்களைக் கேட்டுண்டுதானே ஆரம்பிச்சா? நீங்கதானே சரின்னேள்?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. என்ன சொல்ல முடியும்? தண்ணீர் வந்துவிட்டதே என்றா அழ முடியும்? சீயக்காய்ப் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"சரிஞ்சுரும்னீங்களே அக்கா, பாருங்க, கல்லாட்டம் நிக்குது!" என்றாள் மயிலாத்தாள். அவள் கள்ளமில்லாமல்தான் சொன்னாள். பிள்ளைகள் குழியைச் சுற்றி மூங்கில் தட்டி இறக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் மூலத்தறைப் பக்கம் நடந்துவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து குடங்கள் முக்கி எடுக்கிற நேரத்தில் நிறைந்தன. வந்தவள் நிற்கவில்லை, நின்றவள் உட்காரவில்லை. "உங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க அக்கா" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். வாழ்த்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? ஒரு விடியற்காலை கூடை நிறைய மணலை வாரிக் குழியின் விளிம்புவரை கொண்டுபோனாள். கொட்ட மனம் வரவில்லை. ஊரில் குழந்தைகள் குடிக்கிற தண்ணீர் அது. கூடையைக் குழிக்கு வெளியே கவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதல் ஆளாக மயிலாத்தாள் வந்து, மொண்டு, இடுப்பில் குடத்தை ஏற்றிக்கொண்டு திரும்பினாள். பூவாத்தாள் தன் ஆயுளில் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"மயிலா, செத்த நேரம் உக்காந்துட்டுப் போயேன்."

"ஏனுங்கக்கா, ஒடம்பு செரியில்லீங்களா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. பேச ஆளில்லாம இருக்க முடியல."

"அடுப்புல சோறு கெடக்குதுங்க" என்றாள் மயிலாத்தாள். ஆனாலும் போகவில்லை. ஈஸ்வரமூர்த்தி கடையில் புளி விலை ஏறியதைச் சொன்னாள், பெரியவனுக்குக் காய்ச்சல் விட்டதைச் சொன்னாள், பிறகு "வரட்டுங்களா" என்றாள். அத்தனை நேரமும் அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.