நத்தம் வண்டி

புதுப் போன் வாங்கியதும் நான் முதலில் தேடிய விளையாட்டு அதில் ஏறவில்லை. இந்தப் போனுக்கு ஒத்துவராது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. பழைய போன் சார்ஜ் ஏறாமல் பீரோவுக்குள் கிடக்கிறது. அது ஒரு பஸ் ஓட்டுகிற விளையாட்டு. துப்பாக்கி, சண்டை, அரக்கன் எதுவும் கிடையாது. பஸ்ஸை எடுக்க வேண்டும், ஸ்டாப்பில் நிறுத்த வேண்டும், யாரையும் இடிக்காமல் போய்ச் சேர வேண்டும். இதற்கா இப்படிக் கிடந்தாய் என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. நாள் முழுக்கக் கிரிக்கெட் பார்க்கிறவர்களை நான் ஏதாவது கேட்டேனா?

அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டைச் செய்தவர்கள் எங்கோ கடல் தாண்டிய தேசத்துக்காரர்கள். அதனால் அதில் வரும் ரோடு, வீடு, கடைத்தெரு எல்லாம் அவர்கள் ஊருடையது. பஸ்ஸுக்கு மட்டும் நாமே வண்ணம் பூசிக்கொள்ளலாம். அந்த மேல்பூச்சுக்கு ஸ்கின் என்று பெயர். நம்மூர் பஸ்ஸின் பச்சையும் மஞ்சளும், முன்கண்ணாடிப் பூமாலை, பின்பக்க வாசகம் எல்லாவற்றையும் வரைந்து அந்த அந்நிய ரோட்டில் ஓட விடுவோம். அப்படி ஓட விடுகிற திண்டுக்கல் பக்கத்து ஆட்கள் சேர்ந்து ஒரு குரூப் வைத்திருந்தார்கள். நானும் அதில் இருந்தேன்.

குரூப்பில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. யார் எந்த ரூட்டு ஓட்டுகிறாரோ அதுதான் பெயர். தலைவர் பழனி வண்டி. அந்தப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார், பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவார். நிலக்கோட்டை வண்டி என்று ஒருவர். காலையில் மல்லிகை மூட்டைகளை வேனில் ஏற்றிவிட்டு, மத்தியானம் முழுக்க விளையாடுகிறவர். வாய் என்றால் அப்படி ஒரு வாய். நான் நத்தம் வண்டி, ஏனென்றால் கல்லூரிக்கு அந்த பஸ்ஸில்தான் போய்வந்தேன்.

ஊர்ப் பெயர்களையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. விளையாட்டில் வரும் கடற்கரை ஊருக்கு, கடலே இல்லாத எங்கள் பக்கத்து வடமதுரையின் பெயரை வைத்தோம். கொண்டை ஊசி வளைவுகள் சிறுமலை. இதில் எங்களுக்கு எந்த உறுத்தலும் இல்லை. ஒருமுறை திருச்சியிலிருந்து காரில் வந்துகொண்டிருந்த மாமா வழி கேட்டுப் போன் செய்தார். நான் வேறு நினைப்பில், "வடமதுரை தாண்டுனதும் இடது பக்கம் கடல் வரும் மாமா, அத ஒட்டியே வந்துருங்க" என்றேன். அந்தப் பக்கம் காரை ஓரம் கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஏம்மா, அப்பா பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் அவர் என்னைப் பார்த்தால் கடலில் தண்ணி எப்படி இருக்கு என்றுதான் விசாரிப்பார்.

ஸ்கின் வரைவதில் நான் கெட்டிக்காரி. இதில் தன்னடக்கம் காட்டப்போவதில்லை. அதற்காக பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வண்டிகளின் பின்புறம், பக்கவாட்டு, படிக்கட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுப்பேன். ஒருநாள் ஒரு கண்டக்டர் பதறிப்போய் இறங்கி வந்தார். "என்ன பாப்பா, கம்ப்ளெய்ண்டா? சில்லறை இல்லன்னு சொன்னது நான் இல்லம்மா, அது மொத ட்ரிப்பு கண்டக்டரு" என்றார். காலேஜ் ப்ராஜெக்ட் என்று சொன்னதும் முகம் மாறியது. தலையைக் கோதிக்கொண்டு, பையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்து நின்றுவிட்டார். பஸ்ஸின் பெயர் எழுதிய இடத்தை அவர் மறைத்துக்கொண்டு நிற்பதைச் சொல்ல மனம் வரவில்லை, எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் குரூப்பில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருகிறவர்களை 'வாங்க, போங்க' என்று மரியாதையாக நடத்துவார்கள். அந்த மரியாதை நீடித்தால் நீங்கள் இன்னும் வெளியாள் என்று அர்த்தம். என்றைக்கு நிலக்கோட்டை வண்டி உங்களைத் திட்டுகிறாரோ அன்றைக்குத்தான் நீங்கள் குரூப்பில் சேர்ந்தவர். எனக்கு அது சீக்கிரமே கிடைத்தது. நத்தம் பஸ்ஸின் பலகையில் ஏதோ ஞாபகத்தில் 'வழி: வடமதுரை' என்று எழுதிவிட்டேன். "ஏலே நத்தம், கெழக்க போற வண்டி வடக்க சுத்திப் போவுதாக்கும்? ஒங்க அப்பன் தனியா ரோடு போட்டு வச்சிருக்காரா?" என்று நிலக்கோட்டை குரல் பதிவு போட்டார். அதைக் கேட்டு நான் அடைந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

அவர் ஒரு பையனைத் திட்டுவதாக நினைத்துத்தான் திட்டினார். குரூப்பில் எல்லோரும் ஆண்கள். நான் யாரென்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எல்லோரும் மைக்கில் பேசுவார்கள், நான் மட்டும் எழுதுவேன். மைக் ரிப்பேர் என்று நம்பிவிட்டார்கள். ரிப்பேர் கடைக்காரரான பழனி மட்டும், "போனக் கொண்டாங்க, பாத்துத் தர்றனுங்க" என்று அடிக்கடி சொல்வார். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, கறிச்சோறு சாப்பிட்டு, வீடே உருண்டு படுத்திருக்கும் நேரத்தில், அவரவர் போனிலிருந்து எங்கள் வண்டிகள் ஒரே ரோட்டில் கிளம்பும். வரிசையாக ஒன்றன் பின் ஒன்றாகப் போக வேண்டும். இதற்குக் கான்வாய் என்று பெயர். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எல்லா வண்டியும் நிற்கும். ஏறுவதற்கு ஆளே இல்லாத ஸ்டாப்பிலும் நிற்கும். கடைசி வண்டிக்காரர்தான் கண்டக்டர். எல்லோரும் வந்து நின்றுவிட்டார்களா என்று பார்த்து அவர் "போலாம் ரைட்" என்று கத்தினால்தான் முதல் வண்டி நகரலாம். வாயால் சொல்ல வேண்டும், எழுதினால் செல்லாது. ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்ப்பாரா, எழுத்தைப் பார்ப்பாரா? கடைசி வண்டி எப்போதும் நிலக்கோட்டைதான்.

ஒரு ஞாயிறு திருச்சிப் பக்கத்து குரூப்பும் எங்களோடு சேர்ந்து ஓட்டியது. அவர்கள் வண்டிகள் முன்னால், எங்கள் வண்டிகள் பின்னால். எனக்குப் பின்னால் நிலக்கோட்டை. எங்கள் வடமதுரை ஸ்டாப்பில், கடலைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் நின்றோம். ரைட் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் வண்டியே இல்லை. நிலக்கோட்டைக்கு சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது என்பது பிற்பாடு தெரிந்தது. ஆக, கடைசி வண்டி நான். ரைட், ரைட், ரைட் என்று எழுதிப் பார்த்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. திருச்சிக்காரர் ஒருவர், "என்னப்பா, திண்டுக்கல்லுல கண்டக்டர் டீ குடிக்க இறங்கிட்டாரா?" என்றார். அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பழனி தொண்டையைச் செருமினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. மைக்கைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து, "போலாம் ரைட்!" என்று கத்தினேன்.

திருச்சிக்காரர்களின் சிரிப்பு பாதியில் அறுந்தது. பிறகு முதல் வண்டி நகர்ந்தது, அடுத்தது நகர்ந்தது. அன்று கடைசி ஸ்டாப் வரை நான்தான் ரைட் கொடுத்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் என்னவோ பெரிய வீராங்கனை மாதிரி அன்று மாலை முழுக்க வீட்டில் நடந்தேன்.

மறுநாள் முதல் நான் 'சிஸ்டர்' ஆனேன். "சிஸ்டர், நீங்க முன்னாடி போங்க." "சிஸ்டர், ஸ்கின் சூப்பருங்க." என் வண்டி மரத்தில் மோதினால், "பரவால்லீங்க சிஸ்டர், நெட்டு ஸ்லோவா இருக்கும்" என்றார்கள். கான்வாயில் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வதும் நின்றுபோயிற்று. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆபீசர் வந்த வகுப்பறை மாதிரி ஆளாளுக்குக் கைகட்டி ஓட்டினார்கள். நிலக்கோட்டை எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். 'தெரியாம என்னென்னமோ பேசிட்டேன் சிஸ்டர். மன்னிச்சுக்கங்க.' அதைப் படித்துவிட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் பத்திரமாக வைத்திருந்த அத்தனை திட்டையும் அந்த மனிதர் ஒரே வரியில் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்குத் தெரிந்த நல்ல நடத்தை அதுதான். அவர்கள் வீட்டில் அக்கா தங்கச்சி முன்னால் எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேசினார்கள். ஆனால் எனக்கு வீட்டில் மரியாதைக்குப் பஞ்சமா? நான் அங்கே போனது அதற்கா?

பிறகு ஒருநாள் பழனி அவசரத்தில் எங்கள் குரூப்பிலேயே எழுதிவிட்டார்: 'அதைய அந்த குரூப்ல போடுங்க, இங்க சிஸ்டர் இருக்காங்க.' உடனே அழித்தார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியாமல் இன்னொரு குரூப் இருக்கிறது. கிண்டல், சண்டை, திட்டு எல்லாம் அங்கே குடிபோய்விட்டது. எனக்கு விட்டு வைத்தது காலை வணக்கமும் பூப்படமும்தான். வெளியேறிவிடலாம் என்று பலமுறை விரல் அந்தப் பொத்தான் வரை போய்த் திரும்பியது. நான் போய்விட்டால் அவர்களுக்கு ஒரு பெருமூச்சு விடுகிற நிம்மதி கிடைக்கும் என்று நினைத்தபோது ஆத்திரமாக வந்தது. அந்த நிம்மதியை ஏன் தர வேண்டும்?

இன்றைக்கு அந்த இரண்டு குரூப்பும் அடங்கிவிட்டன. ஆளாளுக்கு வேலை, கல்யாணம், பிள்ளைகள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். நத்தம் பஸ்ஸில் டிரைவர் கியர் மாற்றும்போது என் இடது கை தானாக அசைகிறது, பக்கத்தில் இருக்கிற டீச்சர் சுளுக்கா என்று கேட்கிறார். யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. முகம் தெரியாதவர்களை மனம் இப்படித் தேடுமா என்றால், தேடும். ஞாயிறு மத்தியானம் வீடு அமைதியானால் எனக்கு இன்னும் மனம் கனக்கிறது.

பழனி அந்தச் செய்தியை அழித்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை கான்வாய் சிறுமலை ஏறிக்கொண்டிருந்தது. நான் வேண்டுமென்றே பின்தங்கி வந்ததால், எப்போதும் கடைசியில் வரும் நிலக்கோட்டை அன்று எனக்கு முன்னால் போனார். மலை வளைவில் முந்தக் கூடாது என்பது எங்கள் குரூப்பின் முதல் சட்டம். அதை மீறியவர்களை ஒரு மாதம் சேர்க்கவே மாட்டார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, எதிரில் என்ன வருகிறதென்று பார்க்காமல், முழு வேகத்தில் வலது பக்கம் ஏறினேன். அவர் பக்கவாட்டில் உரசி, தள்ளி, அவருடைய மஞ்சள் வண்டியைப் பள்ளத்தில் இறக்கினேன். அது அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து, ஜன்னல் கம்பி வரை தானே வரைந்த புது ஸ்கின். உருண்டு போய்ப் பாறையில் மல்லாந்து கிடந்தது.

எல்லா வண்டியும் நின்றது.

"பரவால்லீங்க சிஸ்டர்" என்று பழனி ஆரம்பித்தார். "புது அப்டேட்ல ஸ்டியரிங் கொஞ்சம்..."

"ஸ்டியரிங் நல்லாத்தான் இருக்கு. வேணும்னுதான் இடிச்சேன். நிலக்கோட்டை, வண்டி கவுந்து கெடக்குது, இன்னும் மரியாதையா வேடிக்கை பாத்துட்டு இருக்கீங்களா?" என்றேன். இதற்கும் பரவாயில்லை என்று சொன்னால் எழுந்து போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

போன் ஸ்பீக்கரே கிழிகிற மாதிரி நிலக்கோட்டையின் குரல் வந்தது.

"ஏலே நத்தம்! ஒனக்கெல்லாம் எவன்டா லைசன்சு குடுத்தது? வளைவுல ஏறுறியே, கண்ணு பொடனியிலயா இருக்கு? அம்புட்டு நாளா ஒக்காந்து வரைஞ்ச வண்டிலே அது, எறங்கி வாலே, ஒன்னய இன்னைக்கு..."

ஹாலில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த அப்பா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழுந்து வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

"யாரும்மா அது? யாரை இப்படி டா போட்டுத் திட்டுறான்?"

போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு, அப்பாவுக்குப் பயமாகவே இருந்திருக்கும்.

"என்னத்தான்ப்பா" என்றேன். "என்னத்தான் திட்டுறாரு."